பாய்லர் மறுபடி சேர்ந்தால்

"சேரப் போறாங்களாம்மே! பாய்லர் மறுபடியும் சேரப் போவுதாம்!"

மீன் கூடையைக் கடை வாசலில் இறக்கி வைப்பதற்குள்ளாகவே கோவிந்தம்மா சொல்லிவிட்டாள். மங்கை அப்போது யாருடைய ரேஷன் கார்டையோ ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். மிஷினின் பச்சை வெளிச்சம் ஒரு தரம் போய்த் திரும்பியது. கார்டைத் திருப்பிப் போட மறந்து, அதே பக்கத்தை இன்னொரு காப்பி எடுத்தாள்.

"யாரு சொன்னது?"

"அறிவுதான். வந்துகினு கீறான், இரும்புக்கடை அய்யாத்துரையையும் இட்டுகினு. இன்னாமே, மூஞ்சி இப்டி வெளுத்துப் போவுது? சந்தோசத்துல மயக்கம் கியக்கம் போட்டுடாத. நீதான மொத ரசிகை."

மங்கை சிரித்து வைத்தாள். 

ராயபுரம் கல்மண்டபத்தில் இருக்கிற அவளுடைய எஸ்.டி.டி. பூத்துக்குச் சாயங்காலம் வருகிறவர்களில் பாதிப்பேர் போன் பேச வருவதில்லை. பாய்லரைப் பற்றிப் பேச வருகிறவர்கள். அது பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கலைந்துபோன ராக் கோஷ்டி. ஹார்பர் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த கஸ்பார் பாட்டு. வியாசர்பாடி செங்குட்டுவன் கிட்டார்; வேண்டியவர்களுக்கு அவர் குட்டு. வரதன் டிரம்ஸ். மூன்றே பேர்தான், மூன்று பேரும் மேடை ஏறினால் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் இருக்கிற சனம் மொத்தமும் அங்கே நிற்கும். சினிமாப் பாட்டு ஒன்றுகூடப் பாடமாட்டார்கள். எல்லாம் சொந்தப் பாட்டு, ஷிப்டு சங்கையும் தண்ணி லாரியையும் கப்பல் துருவையும் பற்றி. தொண்ணூற்றொன்றில் திருவொற்றியூரில் கடைசி ஷோ. அன்றைக்குச் செங்குட்டுவன் வரவில்லை. அதற்கப்புறம் கஸ்பாரும் அவரும் ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் முழிக்கவில்லை.

ரசிகர்களும் அன்றைக்கே இரண்டாகப் பிரிந்தார்கள். அறிவு செங்குட்டுவன் கட்சி. வியாசர்பாடியில் அவருக்கு அடுத்த பிளாக்கில் வளர்ந்தவன், மாநகர பஸ் டிரைவர். சாத்தாங்காட்டில் இரும்புக்கடை வைத்திருக்கும் அய்யாத்துரை கஸ்பார் கட்சி; தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருஷமாகியும் பேச்சு மட்டும் ஊரிலேயே நின்றுவிட்டவர். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே டீயை இரண்டாகப் பகிர்ந்து, பன்னிரண்டு வருஷமாக ஒரே சண்டையைப் போட்டு வருகிறார்கள்.

அன்றும் வந்தார்கள், சண்டையோடுதான்.

"நான் சொல்லுதேன், கேளு. கஸ்பார் சரின்னுட்டாரு. ஹால் என் பொறுப்பு. செங்குட்டுவன் வந்து நிக்கட்டும், போதும்" என்றார் அய்யாத்துரை.

"வந்து நின்னா போதுமா? உங்க ஆளு மைக்குல இன்னா சொன்னாரு? அத்த மொதல்ல வாபஸ் வாங்கச் சொல்லு."

"அவரு சும்மாவா சொன்னாரு? மூவாயிரம் பேரு நிக்கான், கிட்டாரக் காணும். நாற்காலி பறக்கு. மனுசன் வாயில என்ன வரும்?"

"என்ன வேணா வரட்டும் நைனா. 'சினிமாக்காரன் கூப்ட்டா பொண்டாட்டி புள்ளயக்கூட வித்துட்டுப் போவான்'னு வருமா? அந்த நேரத்துல குட்டு வூட்டுக் கொயந்த ஆஸ்பத்திரில உசுர உட்டுகினு கெடந்துது. ஆறு வயசு. மதி. எந்தோள்ல ஏறி வெளாண்ட கொயந்த."

 அந்தப் பேர் வரும்போதெல்லாம் சண்டை ஒரு நிமிஷம் நிற்கும். மங்கை தலையைக் குனிந்து ஜெராக்ஸ் பேப்பர்களை அடுக்கினாள். அடுக்கினதையே கலைத்து மறுபடி அடுக்கினாள்.

"அதத்தான் கஸ்பாரும் கேக்காரு" என்றார் அய்யாத்துரை, குரலைத் தாழ்த்தி. "பிள்ளைக்கு முடியலன்னு ஒரு வார்த்த சொல்லி விட்டுருந்தா நான் மேடையே ஏறிருப்பனா, ஆஸ்பத்திரிக்கில்லா ஓடிருப்பேன்னு. அந்த ஒரு கேள்விக்கு அவன் பதில் சொல்லட்டும், மறுநாளே ஒத்திகைன்னுட்டாரு."

"குட்டுவ நேத்து எண்ணூருக்கு அப்பால வள்ளூர்ல பாத்தேன்" என்றான் அறிவு. "மோட்டாருக்குக் காயில் கட்டிகினு ஒக்காந்துகினு கீறான். பாய்லர்னு சொன்னதும் கையி நின்னுபோச்சி. ஒரே வார்த்ததான் சொன்னான்."

"இன்னா சொன்னாரு?" கேட்டது மங்கைதான். கேட்டபிறகுதான் தன் குரல் என்று தெரிந்தது.

"'அவனுக்கு எல்லாம் தெரியும்'ன்னான். இன்னா தெரியும்னு கேட்டா எயுந்து உள்ள பூட்டான். அப்பால அவனே வந்து, 'அவனா போன் பண்ணா பேசுறேன்'னு நம்பர் குடுத்தான். கடையில போன் கீது."

"பெறவு என்ன? நாளைக்கே பேசட்டும்" என்று அய்யாத்துரை தொடையில் தட்டினார். "இங்க, நம்ம மங்கை பூத்துல. சாயங்காலம் அஞ்சு மணி."

"வேணாம்!"

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வேணாம்ணே" என்றாள், கொஞ்சம் மெதுவாக. "ஆறிப்போன புண்ண எதுக்குக் கீறணும்? அவங்க அவங்க பொயப்பப் பாத்துகினு நிம்மதியா கீறாங்க. வயசும் ஆயிட்டுது. அந்தத் தொண்ட வருமா, அந்த வெரலு வருமா? நம்ம மனசுல கீற பாய்லரு அப்டியே இருந்துட்டுப் போவட்டுமே."

"தோடா! மொத ரசிகையே ஜகா வாங்குது!" என்றான் அறிவு.

"தொண்ட போனா போவுது. சும்மா வந்து நின்னாலே நான் அயுவேன்" என்றாள் கோவிந்தம்மா. சொல்லிவிட்டு மங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போனபிறகு மங்கை ஸ்டூலில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். முதலில் கஸ்பார் கேட்பார், ஏன் சொல்லி அனுப்பவில்லை என்று. செங்குட்டுவன் சொல்வார், சொன்னேனே என்று. யாரிடம் என்று இவர் கேட்பார். அவ்வளவுதான். இரண்டே கேள்வி. பன்னிரண்டு வருஷமாக அந்த இரண்டு கேள்வியும் கேட்கப்படாமல் இருந்ததற்கு ஒரே காரணம், அந்த இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை என்பது.

தொண்ணூற்றொன்றில் பாதித் தெருவுக்கு மங்கையின் அப்பா கடை போன்தான் வீட்டு போன். பி.பி. நம்பர் என்பார்கள். கல்யாணப் பத்திரிகையிலும் வேலைக்குப் போடும் மனுவிலும் அந்த நம்பரை எழுதி, பக்கத்தில் பி.பி. என்று போட்டுக்கொள்வார்கள். யாருக்காவது போன் வந்தால் ஓடிப்போய்க் கூப்பிட வேண்டும்; ஆள் இல்லாவிட்டால் சேதி வாங்கிவைத்துச் சொல்ல வேண்டும். கடைக்கு அது ஒரு கௌரவம். பாய்லர் நோட்டீஸிலும் அந்த நம்பர்தான் இருந்தது. அதனால் மேடை ஏறுவதற்கு முன்னால் கஸ்பார் கூட்டத்தில் மங்கையைத் தேடிப் பிடித்து, "போன் எதனா வந்துச்சா?" என்று கேட்பார். அவள் "இல்ல" என்றால் சிலுவை போட்டுக்கொண்டு ஏறுவார். எந்த ஷோவுக்கும் அது மாறியதில்லை. மூவாயிரம் பேருக்கு நடுவில் தன்னைத் தேடி வருகிறாரே என்று இருபத்துநாலு வயது மங்கைக்கு அவ்வளவு பெருமை.

கடைசி ஷோ அன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போன் வந்தது.

"மங்கையா? நான் செங்குட்டுவன். கொயந்தைக்கு இசுப்பு நிக்கலம்மா. பெரியாஸ்பத்திரில கீறேன். இன்னிக்கி வோணாம்னு கஸ்பாருகிட்ட சொல்லிடு. மறந்துடாதம்மா."

மறக்கவில்லை. புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, பஸ் ஏறி, திருவொற்றியூர் போய்ச் சேருகிற வரைக்கும் அது ஒன்றுதான் மனசில் ஓடியது. ஒரு வருஷம் காத்திருந்த ஷோ. சொன்னால் நின்றுவிடும். குழந்தைக்கு வலிப்புதானே, எல்லாக் குழந்தைக்கும் வருவதுதானே, ஊசி போட்டால் அடங்கிவிடும், ஏழு மணிக்குள் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். தனக்குத் தானே இப்படிச் சொல்லிக்கொண்டே போனாள்.

கஸ்பார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "இன்னா மங்கை, போன் எதனா வந்துச்சா?"

"இல்லியே" என்றாள்.

மதி ஏழரை மணிக்குப் போய்விட்டது. மறுநாள் காலையில்தான் தெரியும். யாரோ அந்த ஷோவை டேப்பில் பதிந்திருந்தார்கள்; கஸ்பார் மைக்கில் சொன்னதும் கூட்டம் சிரித்ததும் அதில் இருந்தது. அந்தக் கேசட் ஒன்றிலிருந்து ஒன்றாகக் காப்பியாகி எல்லார் வீட்டுக்கும் போனது. சுடுகாட்டிலிருந்து திரும்பிய செங்குட்டுவன் காதிலும் விழுந்தது. சேதி தெரிந்தே கஸ்பார் இப்படிப் பேசினான் என்றுதானே அவர் நினைப்பார்? நினைத்தார். அந்த வாரமே வியாசர்பாடியைக் காலி செய்துகொண்டு பெண்டாட்டி பச்சையம்மாவோடு வள்ளூருக்குப் போய்விட்டார். மங்கை யாரிடமும் சொல்லவில்லை. கட்டினவனிடம்கூடச் சொல்லவில்லை.

அறிவும் அய்யாத்துரையும் வந்து சொல்லிப்போன மறுநாள், காலையிலிருந்து போன் மணி அடித்தபோதெல்லாம் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிர்வீட்டுக்காரிக்கு மகனிடமிருந்து போன். ஸ்கூல் டீச்சர் யாரையோ தேடுகிறார். ராங் நம்பர். மத்தியானச் சோற்றைப் பாதியிலேயே மூடி வைத்தாள். நாலு மணிக்கு அவள் மேஜைக்கடியில் குனிந்து, சுவரிலிருந்து போன் ஒயரை உருவிவிட்டாள். லைன் செத்துவிட்டது என்று சொன்னால் ஒரு நாள் தள்ளிப்போகும். ஒரு நாளில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். கஸ்பாருக்கே மனசு மாறலாம்.

நாலரைக்குக் கஸ்பார் வந்து நின்றார், தனியாக. தலை முழுக்க நரைத்துவிட்டது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கோயிலுக்குப் போவது மாதிரி.

"அவனுங்க வரதுக்கு முன்ன வந்துடலாம்னு வந்தேன் மங்கை. கொஞ்சம் தண்ணி குடு."

குடித்தார். சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். "எனக்குப் பயமா கீதுமா."

"உங்களுக்கா?"

"அவங்கிட்ட கேளு, ஏன் சொல்லி அனுப்பலனு கேளுன்றானுங்க. நானுந்தான் பன்னெண்டு வருசமா அத்தயே புட்ச்சிகினு தொங்குனேன். நேத்து ராவெல்லாம் யோசிச்சேன். பெத்தது மூச்சு வாங்கிகினு கெடக்குது. அப்பங்காரன் போனத் தேடினு ஓடுவானா? நான் ஒண்ணும் கேக்கப் போறதில்ல. மன்னிச்சிக்கடான்னு ஒரே வார்த்த. அவ்ளோதான். எதனா கேட்டா நான் மனுசனே இல்ல."

மங்கைக்கு முதலில் வந்தது, தப்பித்தோம் என்ற நினைப்புதான். கொதிக்கிற வயிற்றில் மோரை ஊற்றினது மாதிரி இருந்தது. இவர் கேட்கமாட்டார். கேட்காவிட்டால் அவர் சொல்ல வேண்டாம். எல்லாம் தெரிந்தே செய்தவன் கடைசியில் மன்னிப்புக் கேட்டான் என்று அவர் நினைத்துக்கொள்வார், மன்னித்தாலும் மன்னிப்பார். பாய்லர் சேரும். நாம் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவோம்.

அந்தக் கைதட்டலை நினைத்ததும் மோர் புளித்துப் போயிற்று.

"லைன் செத்துக் கெடக்குதுண்ணே" என்றாள். வாய் தானாகச் சொல்லிற்று.

அதற்குள் அறிவும் அய்யாத்துரையும் கோவிந்தம்மாவும் வந்துவிட்டார்கள். "லைன் இல்லையா? இன்னிக்கா? நல்லா வாச்சிது பாரு!" என்று அறிவு ரிசீவரைத் தட்டினான். அய்யாத்துரை வேறு பூத்துக்குப் போகலாம் என்றார். கோவிந்தம்மா மட்டும் ஒன்றும் பேசாமல் மேஜைக்கடியில் குனிந்தாள்.

"ஒயரு கீய கெடக்குது" என்றாள்.

எடுத்துச் செருகினாள். எழுந்திருக்கும்போது மங்கையின் கண்ணை ஒரு தரம் நேராகப் பார்த்தாள். "எலி இயுத்துருக்கும்" என்றாள், மற்றவர்களுக்கு.

கஸ்பார் கண்ணாடிக் கேபினுக்குள் போனார். உள்ளே காற்றாடி ஓடாது. கதவைத் திறந்தே வைத்துக்கொண்டார். அறிவு கொடுத்த நம்பரை மங்கைதான் படித்துச் சொன்னாள். ஒவ்வொரு எண்ணாக அவர் அழுத்தினார்.

"அலோ... குட்டு? நாந்தாண்டா. கஸ்பார்."

வெளியே இருந்த மூன்று பேரும் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தார்கள்.

"சொல்றேன், சொல்றேன், வச்சிடாத. நான் எதுவும் கேக்கலடா. மன்னிச்சிக்கோ. அன்னிக்கி மைக்குல சொன்னது... மதி... எனக்கு மறுநாளுதாண்டா தெரியும்."

அந்தப் பக்கத்தில் என்ன சொன்னார்களோ, கஸ்பாரின் கை சுவரைப் பிடித்துக்கொண்டது.

"பொய்யா? நான் எதுக்குடா பொய் சொல்றேன்?... தெரிஞ்சிகினே பேசுனேனா? மாதா மேல சத்தியமா... இல்லடா, யாரும் சொல்லல. நான் கேட்டுட்டுத்தாண்டா ஏறுனேன். எப்பவும் கேப்பேன்ல?... இன்னாது, போன் பண்ணியா? யாருகிட்ட?"

அந்தப் பதில் போன் ஒயருக்குள் வந்துகொண்டிருக்கும்போதே மங்கை எழுந்துவிட்டாள். தைரியம் என்றெல்லாம் சொல்ல முடியாது. அவர் சொல்லி இவர் திரும்பிப் பார்ப்பாரே, அந்தப் பார்வைக்குப் பயந்துதான் எழுந்தாள். கேபினுக்குள் போய் கஸ்பாரின் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கினாள்.

"செங்குட்டுவண்ணே, நான் கல்மண்டபம் மங்கை. அன்னிக்கி நீங்க சொன்னத நான் கஸ்பாரண்ணங்கிட்ட சொல்லல."

அந்தப் பக்கம் ஒரு மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு அதை யாரோ நிறுத்தினார்கள்.

"ஏம்மா, ஆளு கெடைக்கலியா?" என்றார் செங்குட்டுவன். குரல் மாறவே இல்லை. பாவம், அவரே ஒரு வழியை எடுத்துக் கொடுக்கிறார். ஆமாம் என்றால் போதும். கூட்டம் அதிகம், பஸ் லேட்டு, தேடினேன், கிடைக்கவில்லை. ஒரு சொல்.

"கெடைச்சாரு. போன் எதனா வந்துச்சான்னு கேட்டாரு. இல்லன்னு சொன்னேன்."

"ஏன்?"

"ஷோ நின்னுடும்னுண்ணே."

 காதில் அழுத்திய ரிசீவர் வேர்வையில் வழுக்கியது. கடைசியில், "அவங்கிட்ட குடு" என்று மட்டும் வந்தது.

கொடுத்தாள். கஸ்பார் வாங்கினார். அவளைப் பார்க்கவில்லை, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி, கதவை இழுத்து மூடினார்.

மங்கை வெளியே வந்து பெஞ்சுக்கு முன்னால் நின்றாள். திறந்த கதவு வழியாக அவர்கள் எல்லாம் கேட்டிருந்தார்கள். அறிவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"பன்னெண்டு வருசமா" என்றான். "பன்னெண்டு வருசமா நானு இந்த பெஞ்சுல ஒக்காந்துகினு, அந்தக் கொயந்த பேரச் சொல்லிச் சொல்லி சண்ட போட்டுகினு கீறேன். நீ டீ வாங்கியாந்து குடுத்த."

அவள் உள்ளே போய்விடாமல் அங்கேயே நின்றாள்.

"அப்பம் ஷோ..." என்று ஆரம்பித்தார் அய்யாத்துரை, பாதியில் தானே நிறுத்திக்கொண்டார்.

"வாய மூடு நைனா" என்றான் அறிவு. இத்தனை வருஷப் பழக்கத்தில் அவரிடம் அவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கேபினுக்குள் கஸ்பார் நெற்றியைக் கண்ணாடியில் முட்டுக் கொடுத்து நின்றிருந்தார். பேசுகிறாரா, அழுகிறாரா தெரியவில்லை. வாய் அசைந்தது. ஒரு தரம் கையால் கண்ணாடியை ஓங்கி அறைந்தார். அப்புறம் தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார். மங்கை ஜெராக்ஸ் மிஷினைப் பிடித்துக்கொண்டாள்.

கஸ்பார் வெளியே வந்தார். சட்டைக் காலர் நனைந்திருந்தது.

"பச்சையம்மா போன வாங்கிட்டாங்க" என்றார், தரையைப் பார்த்து. "பக்கத்துலதான் இருந்திருக்காங்க. கேட்டுட்டாங்க. நான் இப்பவே வள்ளூர் போறேன்." கொஞ்சம் நிறுத்தினார். "உன்னயும் இட்டுகினு வரச் சொல்றாங்க."

"என்னயா?"

"உன் வாயாலதான் கேக்கணுமாம்."

செங்குட்டுவன் ஆம்பிளை, ஒரு கேள்வி கேட்டு, போனைக் கொடு என்று சொல்லி முடித்துக்கொண்டார். பெற்றவள் அப்படி முடிப்பாளா? அந்த ஐந்து மணியை அவள் ஒவ்வொரு நிமிஷமாகக் கேட்பாள். போன் வந்தபோது நீ என்ன செய்துகொண்டிருந்தாய், பூ எங்கே வாங்கினாய், என் பிள்ளைக்கு மூச்சு நின்ற நேரத்தில் நீ எந்தப் பாட்டுக்குக் கைதட்டினாய் என்று கேட்பாள். அதற்கெல்லாம் மங்கையிடம் பதில் இருந்தது. பதில் இருந்ததுதான் பயம்.

"வரமாட்டேன்னு சொன்னா?" என்றாள்.

"நான் இயுத்துகினு போவ மாட்டேன்" என்றார் கஸ்பார். "நீயா வரணும்."

அய்யாத்துரை சத்தம் போடாமல் போய்த் தன் இரும்புக்கடை வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். அறிவு முன்னால் ஏறி, கதவை அடித்துச் சாத்தினான். கஸ்பார் பின் சீட்டில் ஒரு ஓரமாக ஒட்டி உட்கார்ந்து ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மங்கை ஷட்டரை இறக்கினாள். பூட்டில் சாவி நுழையவில்லை. மூன்று தரம் தப்பியது. நாலாவது தரம் கோவிந்தம்மா சாவியை வாங்கிப் பூட்டிக் கொடுத்தாள்.

வேன் படியில் கால் வைத்தபோது, பின்னாலிருந்து முதுகில் ஒரு கை தள்ளியது.

"நவுந்து ஒக்காரு" என்று கோவிந்தம்மா மீன் கூடையோடு ஏறினாள்.

"நீ எதுக்குக்கா?"

"உன்னக் காப்பாத்த வரேன்னு நெனைச்சிக்காத. அவ அடிச்சா நான் தடுக்க மாட்டேன், சொல்லிட்டேன்." கூடையைக் காலுக்கடியில் இடுக்கிக்கொண்டாள். "அடிச்சி முடிச்சப்புறம் இட்டுகினு வர ஒரு ஆளு வோணும்ல."

வேன் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஏறி வடக்கே திரும்பியது.